ஏரிக்கு 400 மீட்டர் இருக்கையில்

போன மாதம் பனிமலையில் நடக்கக் குடும்பத்தோடு போனோம். நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், கூடவே 67 வயதில் முதல்முறையாகப் பனியில் கால் வைக்கும் என் அம்மா. மரங்களுக்கு நடுவே அகலமான பாதை, முடிவில் உறைந்து கிடக்கும் சின்ன ஏரி. போக 2 கிலோமீட்டர், வர 2 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தமே 120 மீட்டர்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி எங்கள் நடை சரியாக ஒரு மணி நேரம்தான். ஆனால் அது திடமான பெரியவர் நல்ல தரையில் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. பனியைப் பார்த்த குழந்தை நிற்கும், உட்காரும், படுத்து உருளும். அதனால் நான்கு மணி நேரம் ஒதுக்கினேன். 10 மணிக்குக் கிளம்புவது, எங்கே இருந்தாலும் 12:30க்குத் திரும்புவது. நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும் காலம். முந்தின ராத்திரியே எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். மலையில் நின்றுகொண்டு யோசித்தால் ஏரி பக்கமேதான் மனசு சாயும்.

இன்னொன்றும் பார்த்தேன். பாதை சமமாக இருந்தால் மட்டும் போதாது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்பும். ஆனால் வந்து விழுவது அடியில் இருக்கும் சமதரையில். அதனால் பாதைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் கடைசிவரை பார்த்தேன். அன்று காலை வந்த பனிச்சரிவு எச்சரிக்கையும் 5 நிலைகளில் முதல் நிலையில்தான் இருந்தது. சரி, போகலாம்.

வண்டியை நிறுத்திய இடத்தில் மைனஸ் 6 டிகிரி, கண்ணை மறைக்கும் மூடுபனி. பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அன்று தலைகீழ். காற்றில்லாத தெளிந்த இரவில் கனமான குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடுகிறது, மேலே கதகதப்பு தங்கிவிடுகிறது. அரை மணி நேரம் ஏறியதும் மூடுபனி காலுக்குக் கீழே போய்விட்டது. வெயில்! எல்லோருக்கும் உடனே கறுப்புக் கண்ணாடி மாட்டினோம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்பதால், மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும்கூட சன்ஸ்கிரீன் பூசினோம்.

அம்மா குனிந்து ஒரு பிடி பனியை அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பனி பெய்யுது, பனி பெய்யுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதை மிதிச்சு நடப்பேன்னு நினைக்கலடா." அவர் பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டை மாட்டியிருந்தோம். அதனால் பயமில்லாமல் நடந்தார். நாலு எட்டு, ஒரு மூச்சு. அவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் போனது அன்று நாங்கள் செய்த நல்ல காரியம். யாருக்கும் வேர்க்கவில்லை. வேர்த்து நனைந்தால், நின்ற ஐந்தாவது நிமிடம் குளிர் பிடித்துவிடும்.

பாதையோரம் மகள் ஒரு முயல் தடத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு நீளமான குழிகள் பக்கம் பக்கமாக, அவற்றை அடுத்து இரண்டு சின்னக் குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக. சின்னதுதான் முன்னங்கால், அதனால் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அவள் கைகாட்டினாள். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழும், நீளமான குழி இருக்கும் பக்கம்தான் அது போன திசை என்றேன். நம்பவில்லை. பனியில் கையை ஊன்றித் தானே தாவிப் பார்த்தாள். மூன்றாவது தாவலில் எழுந்து நின்று, தான் விட்ட குழிகளையும் முயலின் குழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கே இருபது நிமிடம் ஆனது. அவசரப்படுத்த மனசு வரவில்லை.

மணி 12:05 இருக்கும். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மகன் அமைதியாகிவிட்டான். சின்னக் குழந்தைகள் குளிருது என்று சொல்வது குறைவு, பேச்சுதான் முதலில் நிற்கும். பூட்ஸைக் கழற்றினேன். உல்லன் சாக்ஸுக்கு உள்ளே, தனக்குப் பிடித்த பருத்தி சாக்ஸையும் யாருக்கும் தெரியாமல் போட்டிருந்தான். அது ஈரத்தில் ஊறிக் கிடந்தது. பருத்தி ஈரத்தை விடாது, நனைந்தபின் சூடும் தராது. விரல்கள் சிவந்து ஜில்லென்று இருந்தன. நல்லவேளை, வெளுக்கவில்லை, தொட்டால் உணர்ச்சி இருந்தது. தேய்க்கக் கூடாது, தோலுக்குச் சேதம். என் சட்டையைத் தூக்கி இரண்டு பாதத்தையும் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். மனைவி பிளாஸ்க்கிலிருந்து சூடான பாலை ஊற்றிக் கொடுத்தார். மாற்று சாக்ஸ் எடுத்து வரவில்லை. மகள் தன்னுடைய உபரி உல்லன் கையுறையை நீட்டினாள். "இதைக் காலுக்குப் போடுங்கப்பா." கட்டைவிரல் பகுதி மடங்கினாலும் பூட்ஸுக்குள் நன்றாகவே அடங்கியது.

பத்து நிமிடத்தில் அவன் மறுபடி பேச ஆரம்பித்தான். ஏரிக்கு இன்னும் 400 மீட்டர். மரங்களுக்கு நடுவே அந்த வெள்ளை வெளி தெரியவே செய்தது. மணி 12:20. மகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

இறங்குவதுதான் கவனம் கேட்கிற வேலை. காலையில் மிதித்துப் போன பனி சில இடங்களில் வழுவழுவென்று இறுகியிருந்தது. மகனை ஓரத்துப் பொலபொல பனியில் நடக்க வைத்தோம். 1:50க்கு வண்டிக்கு வந்துவிட்டோம்.

ஹீட்டர் சூடாகும்வரை அம்மா அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார். பாதி வழி வந்தபின், அவன் தூங்கியதும் கேட்டார்.

"அந்த ஏரி இன்னும் எவ்ளோ தூரம் இருந்துச்சு?"

"400 மீட்டர்மா."

"சரி, இவனுக்கு இன்னும் ரெண்டு ஜோடி உல்லன் சாக்ஸ் வாங்கி வை."