ஹால்ட்டும் ஜங்ஷனும்

ஜூன் 3, செவ்வாய்

சென்னையில் சித்தி வீட்டுக்குப் போக ஆச்சி ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள். கோட்டாரில், அதாவது நாகர்கோவில் ஜங்ஷனில், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். அதுவரை ஆட்டோவில் போகலாம் என்றேன். "நம்ம ஸ்டேஷன் இருக்கப்ப ஆட்டோ எதுக்கு மக்களே?" 1979-இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை திறந்தபோது அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் பார்க்கப் போனவள். சரி, அவள் இஷ்டம்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் ஊரில் இருப்பது ஹால்ட். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் அண்ணன் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து கதவைத் திறப்பார், வண்டி போனதும் பூட்டுவார். ஆச்சியின் பையைப் பார்த்ததும் "சக்கைப்பழமா? வாசம் இங்க வரை வருது" என்றார்.

பாசஞ்சர் வந்தது. பிளாட்பாரம் தரையோடு தரை. முதல் படியே ஆச்சியின் முட்டுக்கு மேலே இருந்தது. உள்ளேயிருந்து இரண்டு கல்லூரிப் பையன்கள் கையைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து தாங்கினேன். கடைசிப் பெட்டியில் கார்டு தலையை நீட்டிப் பார்த்தபடியே நின்றார். ஆச்சி உள்ளே போனபிறகுதான் பச்சைக் கொடி காட்டினார்.

கோட்டாரில் எல்லாம் வேறு. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று போர்டு சொல்கிறது, எந்தப் பிளாட்பாரம் என்று மூன்று மொழியில் அறிவிப்பு. பிளாட்பாரமும் உயரம். ஆச்சி யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டாள். "இங்க ஏற எளுப்பமாட்டு இருக்கு" என்றவள், சீட்டில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "கார்டு எங்க நிக்காரு?"

எட்டிப் பார்த்தேன். கடைசிப் பெட்டியே கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சித்தி போன் செய்தாள், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாச்சு.

அந்தப் படி மனதை விட்டுப் போகவில்லை. உயர நடைமேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் இருக்கும். எங்கள் ஊருக்கும் அதுதான் வேண்டும். கர்ப்பிணிகளும், தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர்களும் தினமும் அங்கேதானே ஏறுகிறார்கள்? ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினேன். டிக்கெட் தருகிற ஆளை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலை வண்டிக்கு நின்றவர்களில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் மனுவை வாசித்துவிட்டு, "ஆச்சி எப்பம் திரும்பி வாறா? இறங்கதுக்கு நான் ஒரு ஸ்டூல் கொண்டு வைக்கேன்" என்றார்.