காசிமேட்டில் உறைந்த மண்

மார்கழி விடியலில்கூடச் சென்னை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த ஊரில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த ஒரு தெருவில், தரைக்கடியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் உறைந்து கிடந்ததைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மண் பரிசோதனைத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேறெந்த மண்ணும் என்னை அப்படித் திகைக்க வைத்ததில்லை.

அந்த மண்ணின் மேல் நின்றது இறாலும் கணவாயும் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. உள்ளே எந்நேரமும் மைனஸ் இருபது டிகிரி. கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவு சரியாக மூடவில்லை என்று மூன்று முறை ஆள் வைத்துக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர்தான் விஷயத்தைப் பிடித்தார். “கதவில் ஒன்றும் இல்லை தம்பி. வண்டியை நடுவில் நிறுத்தினால் தானாகச் சுவர்ப் பக்கம் உருளுகிறது. தரையைப் பாருங்கள்” என்றார். மட்டம் வைத்துப் பார்த்தோம். நடுத்தரை ஓரத்தைவிடப் பதினான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது.

தரை அமிழ்வது எங்களுக்குப் பழக்கம். கொருக்குப்பேட்டையிலும் எண்ணூரிலும் களிமண் இறங்கிச் சுவர் வெடித்த வீடுகளை எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் இங்கே தரை எழுந்திருந்தது.

தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும், அதுதான் காரணம் என்று உடனிருந்த பொறியாளர் சொன்னார். கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் மண்ணில் நாற்பது சதவீதம் தண்ணீர் என்று வைத்தாலும் நான்கு சென்டிமீட்டர்கூட வரவில்லை. மீதிப் பத்து எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி அவர் உறைய வைத்தார். அப்போதும் மண் உயர்ந்தது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உறைந்த மண்ணும் உறையாத மண்ணும் சந்திக்கும் எல்லை கீழிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வந்து சேரும் நீரெல்லாம் தனிப் பனி அடுக்காகப் படிந்து, மேலே உள்ளதைத் தூக்குகிறது. பருமணலில் இது நடக்காது. அதன் துளைகள் பெரியவை, இழுவிசை போதாது. களிமண்ணில் இழுவிசை உண்டு, ஆனால் நீர் நகர வழி குறைவு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டல்தான் மோசம். அந்தத் தரைக்கடியில் மணலுக்குப் பதில் விலை மலிவாகக் கிடைத்த ஏரி வண்டலைக் கொட்டியிருந்தார்கள். நிலத்தடி நீரோ இரண்டு மீட்டருக்குள் நிற்கிற இடம்.

இதைத் தடுக்கத்தான் தரைக்கடியில் காற்றுக் குழாய்கள் பதிப்பார்கள். வெளிக்காற்றின் வெப்பமே நம் ஊரில் போதும். அங்கேயும் பதித்திருந்தார்கள். ஆனால் தெருவில் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர, குழாய் வாய்கள் புதைந்துவிட்டன. ஒவ்வொரு மழைக்காலத்துத் தண்ணீரும் அவற்றுக்குள் இறங்கி உறைந்திருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

துளையிட்டு எடுத்த மண் உருளை என் முன்னங்கை நீளம் இருந்தது. சாம்பல் நிற வண்டலுக்கிடையே விரல் தடிமனில் கண்ணாடி போன்ற பனிப் பட்டைகள். சுத்தியால் தட்டினால் செங்கல்லைப் போல ஒலித்தது; ஓங்கி அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறித்தது. வெயிலில் வைத்த துண்டு கால் மணி நேரத்தில் கூழாகி மேசையில் வழிந்தது.

இன்னொரு துண்டைக் கிடங்கின் முன்னறையில், மைனஸ் மூன்று டிகிரியில், ஐம்பது கிலோ எடைக்குக் கீழே வைத்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் பொருத்தினேன். முள் நிற்கவே இல்லை. மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கிவிட்டது. அடித்தால் கல்லாக நிற்பது, பொறுமையாக அழுத்தினால் பிசைந்த மாவைப்போல ஊர்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் வண்டல் துகள்களைச் சுற்றி உறையாத நீர்ப்படலம் இருக்கிறது. அதுவும் பனியும் சேர்ந்துதான் இந்த நகர்வு. ‘உறைந்த மண் உறுதியானது’ என்று யாராவது சொன்னால், எத்தனை டிகிரியில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

நிர்வாகம் இயந்திரத்தை நிறுத்தி, சூடேற்றி, ஒரே வாரத்தில் உருக்கிவிட நினைத்தது. நான் மறுத்தேன். அந்த மண் முன்பு தாங்கிய நீரைவிட மிக அதிகமான நீரை இப்போது பனியாக வைத்திருக்கிறது. அது வடியுமுன் உருகினால், மேசையில் பார்த்த கூழின் மேல்தான் சுவர்களும் தாங்குசட்டங்களும் நிற்கும். அலாஸ்காவில் 1977இல் முடித்த எண்ணெய்க் குழாய்க்கு, தாங்குதூண்களின் அடிமண் உருகிவிடாமலிருக்க வெப்பத்தை வெளியேற்றும் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். அவர்கள் உருகலுக்கு அஞ்சுகிறார்கள். நாங்கள் உறைதலுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது, உருகலுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

கடைசியில் சரக்கை வேறிடம் மாற்றி, குழாய்களைத் தோண்டித் திறந்து, விசிறி வைத்து வெளிக்காற்றை மெதுவாக ஓட்டினோம். நான்கு மாதம் பிடித்தது. தரை ஒரே சீராக இறங்கவில்லை. நடுப்பகுதியை உடைத்து, வண்டலை அள்ளிவிட்டுப் பருமணல் நிரப்ப வேண்டியிருந்தது. குழாய் வாய்களை வளைத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றி வைத்தோம்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். சாலை இன்னும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. நின்று ஒரு குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று காற்று வந்தது.