எண்ணூர் நிலா

போன ஞாயித்துக்கிழம வீட்ல மாயாபஜார் ஓடிட்டு இருந்துச்சு, 'ஆஹா இன்ப நிலாவினிலே' வந்ததும் எங்க நைனா டிவிய கை காட்டி இது நம்ம எண்ணூர்ல எடுத்ததுடான்னாரு, எத்தனையாவது வாட்டியோ தெரியல. உண்மதான், அந்த படகு பாட்டுல கொஞ்சூண்டு அவுட்டோர் எண்ணூர்ல எடுத்தது, மிச்சமெல்லாம் வாஹினி ஸ்டூடியோக்குள்ள. 1957ல வந்த படம். அந்த நிலா வெளிச்சத்த கேமராமேன் மார்கஸ் பார்ட்லி வெறும் லைட்ட வெச்சே கொண்டாந்துட்டாரு, இன்னிக்கு பாத்தாலும் எனக்கு சிலிர்க்குது.

நான் ஏழு வருஷமா ரோட்டோ பண்றேன். அதாவது ஆள சுத்தி ஃப்ரேம் ஃப்ரேமா கோடு போட்டு பின்னாடி இருக்கறதுலேந்து தனியா பிரிக்கற வேல. செகண்டுக்கு 24 ஃப்ரேம், அஞ்சு செகண்ட் ஷாட்டுன்னா 120, அதுல முடி வேற காத்துல பறந்துச்சுன்னா நாள் கணக்குல இழுக்கும்.

அப்பல்லாம் டபுள் ஆக்டுன்னா லென்ஸ்ல பாதிய மறைச்சு எடுத்துட்டு, ஃபிலிம பின்னாடி சுத்தி, மறு பாதிய மறைச்சு திரும்ப எடுப்பாங்க, கேமரா ஒரு நூல் அசைஞ்சா போச்சு, நடுவுல கோடு காட்டிக் குடுத்துடும். 2001ல ஆளவந்தானுக்கு மோஷன் கன்ட்ரோல் கேமரா வந்துச்சு, மொத டேக்ல எப்டி நகர்ந்துச்சோ அச்சு பிசகாம அப்டியே திரும்ப நகரும், அதனால கேமரா ஓடிட்டே இருந்தாலும் ரெண்டு கமலும் ஒரே ஃப்ரேம்ல நிப்பாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது 2019ல வந்த தி மாண்டலோரியன் சீரியல்ல பண்ணதுதான். பின்னாடி வேற காட்சி சேக்கறதுக்காக க்ரீன் மேட், அதாவது பச்ச துணி கட்டினா அந்த பச்ச நடிகர் மூஞ்சி மேல, டிரஸ் மேலல்லாம் அடிக்கும், அத துடைக்கவே தனி வேல. இவங்க செட்ட சுத்தி பெரிய எல்இடி சுவர் வெச்சு, கேம் இன்ஜின்ல, அதாவது வீடியோ கேம் பண்ற சாஃப்ட்வேர்ல, ஊர், வானமெல்லாம் அதுல ஓட விட்டாங்க, அந்த வானத்தோட வெளிச்சமே நேரா நடிகர் மேல விழுது. பார்ட்லி மாதிரி வெளிச்சத்த மறுபடி செட்டுக்குள்ளயே உண்டாக்கறாங்க பாருங்க!

இப்போ ஏஐ டூலும் வந்துருச்சு, ஆள நொடில பிரிச்சுடுது. ஆனா போன மாசம் வீச்சு வல வீசற ஷாட் ஒண்ணு வந்துச்சு, டூல் கண்ணியெல்லாம் அடைச்சு வலய போர்வ மாதிரி ஆக்கிடுச்சு. கையாலதான் போடணும், ஆனா வல எப்டி விரியுதுன்னு எனக்கே சரியா புரியல. நைனாகிட்ட கேட்டேன், காலைல ஆத்தங்கரைக்கு கூட்டிட்டு போயி நாலு தடவ வீசி காட்டினாரு. அத போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்து, ஓட விட்டு பாத்து பாத்துதான் அந்த ஷாட்ட முடிச்சேன்.