மூச்சோடு வழுக்கின வெள்ளைக் கோடு

"மூச்ச நல்லா இழுங்க ஐயா... மெதுவா விடுங்க."

பெரியப்பா இழுத்தார். அல்ட்ராசவுண்ட் திரையில், ரெண்டு விலா எலும்பு நிழலுக்கு நடுவே, நுரையீரலின் ஓரம் ஒரு வெள்ளைக் கோடாக மினுங்கிக்கொண்டு வழுக்கியது.

"அசையுது பாருங்க" என்றார் டொக்டர்.

இந்த ஒரு சொல்லுக்காக ரெண்டு கிழமையா எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் சரியான தூக்கமில்லை.

பெரியப்பாவுக்குக் கட்டி, நுரையீரலின் ஓரத்தில். சிடி ஸ்கேனில் நெஞ்சுச் சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சும்மா தொட்டிருக்கா, ஊடுருவிப் பிடிச்சிருக்கா? அசையாத படத்தில் சொல்வது கஷ்டம். அல்ட்ராசவுண்டில் மூச்சு விட விடவே பார்க்கலாம். கட்டி நுரையீரலோடு சேர்ந்து வழுக்கினால், பெரும்பாலும் சுவரைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் ஒப்பரேசனில் விலா எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம்.

நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கா, காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியிருக்கா என்றும் அதே கருவியால் தடவிப் பார்த்தார். ஆழத்தில் இருக்கிற கட்டி இதில் தெரியாது. காற்று நிறைந்த நுரையீரல் ஒலியை உள்ளே விடாது.

மறுகா ஒரு பொத்தானை அமத்தினார். மேலே நேர்நேராகக் கோடுகள், கீழே பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"நுரையீரல் நல்லா அசைஞ்சா இப்பிடித் தெரியும். கடற்கரை அடையாளம் எண்டு சொல்லுவம்."

நாற்பது வருசம் மட்டக்களப்பு கல்லடிக் கரையில் வலை இழுத்த மனிசன். கழுத்தை எக்கிப் பார்த்தார்.

"மேல கடல், கீழ மணல். சரிதான் மனே."

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாவிக் காற்றை நீளமாக இழுத்தார்.