ஆலிகோஸ்பெரிடியமா, ஹிஸ்ட்ரிகோஸ்பெரிடியமா? ஒரு டைனோ சிஸ்டுக்குப் பெயர் வைப்பதற்குள் பட்ட பாடு

டைனோ சிஸ்ட் என்பது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரியின் உறங்குநிலைக் கூடு, பாறையில் புதைபடிவமாகக் கிடைக்கும். அதைத் தேடிப் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்ற ஊரில் ஓடைச் சரிவிலிருந்து அள்ளி வந்த முதல் மூட்டை முழுக்க வீண். கோயமுத்தூரிலிருந்து போக மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று நம்ம பக்கத்து மாணவர்கள் கேட்கிறார்கள். இங்கே இருப்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் படிகமான மிகப் பழைய பாறை. அதில் சிஸ்ட் தேடிப் பயனில்லை. டைனோசர் காலமான கிரிட்டேசியத்தின் கடல் படிவு வேண்டுமென்றால் திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் மூட்டை வீணானதற்கான காரணம் அதன் நிறத்திலேயே தெரிந்தது. மஞ்சளும் செம்மையும் ஓடிய களிமண், காற்றும் மழையும் பட்டு ஆக்சிஜன் ஏறிப்போனது. சிஸ்டின் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளால் ஆனது. அமிலத்துக்கு அசையாத அது ஆக்சிஜனேற்றத்தைத் தாங்காது. சிலைடில் மிஞ்சியவை கருத்த மரத்துணுக்குகள் மட்டுமே. இரண்டாம் முறை வெட்டிக்கொண்டே போய், சாம்பல் நிறக் களிமண் தட்டிய பிறகுதான் பையைத் திறந்தோம்.

பாறையைக் கரைத்து சிஸ்டை மட்டும் மிச்சம் வைக்கும் அமில வேலை தெரிந்தவர்களுக்கு நடைமுறையை விளக்க வேண்டியதில்லை. 20 கிராம் மண்ணைப் பட்டாணி அளவுக்கு உடைத்து (பொடியாக்கினால் சிஸ்டும் உடையும்), 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழுவல், 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இரண்டு நாள், மறுபடி கழுவல். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் பீக்கர்தான். புகைக்கூண்டும், இந்த அமிலக் காயத்துக்குப் போடும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம், உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். வாங்கும்போது எவ்வளவு, எதற்கு, எங்கே வைக்கப்போகிறோம் என்று எழுதித் துறைத்தலைவரின் கையெழுத்தோடு கடிதம் கொண்டுபோங்கள். அது இல்லாமல் போய் ஒரு நாள் போனது.

காரைக் களிமண்ணில் ஜிப்சம் ஊடுபாவாக ஓடும். அதைக் கையால் பொறுக்காமல் விட்டதால் ஒரு தொகுதி கெட்டது. ஜிப்சத்திலிருந்து வரும் கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்து வெள்ளை வண்டலாகப் படிந்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எத்தனை முறை கழுவியும் முழுசாகப் போகவில்லை.

சல்லடையிலும் அடி வாங்கினோம். 15 மைக்ரான் துணி தேடித் திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் துணிக் கடைக்குப் போனால், "இதவிட நைஸ் துணி கெடையாதுங்க" என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். அவர்கள் சொல்வது இழைக் கணக்கு, நமக்கு வேண்டியது கண்ணியின் அளவு. அளவு மைக்ரானில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். நைலான் துணியென்றால் அமிலம் முழுக்கப் போகும்வரை கழுவிவிட்டுத்தான் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணியே அரித்துவிடும். ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் குளியல் பத்து விநாடி போதும். அதற்கு மேல் போனால் நீட்சிகளின் நுனி ஒடியும், நுனி ஒடிந்தால் இனம் சொல்ல முடியாது.

இத்தனையும் தாண்டி நல்ல சிஸ்ட் கிடைத்தது: 42 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை உடல், சுற்றிலும் குழாய் போன்ற நீட்சிகள், மேலே கோணல்மாணலான விளிம்போடு ஒரு பெரிய திறப்பு. அதை ஹிஸ்ட்ரிகோஸ்பெரிடியம் டியூபிஃபெரம் என்று எழுதிச் சரிபார்க்க அனுப்பினோம். "சிங்குலத்தில் நீட்சி எங்கே?" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது.

கேள்வி நியாயமானது. ஹிஸ்ட்ரிகோஸ்பெரிடியம், ஆலிகோஸ்பெரிடியம் என்ற இரண்டு பேரினங்களிலும் நீட்சிகள் அந்த உயிரியின் கவசத் தட்டுகளைக் காட்டும், தட்டுக்கு ஒரு நீட்சிதான். வேறுபாடு சிங்குலம் என்ற இடுப்புப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே ஆறு தட்டுகள். ஹிஸ்ட்ரிகோஸ்பெரிடியத்தில் அவற்றின் மேலும் நீட்சி உண்டு, பெரும்பாலும் மெலிந்தவை. ஆலிகோஸ்பெரிடியத்தில் அந்த வரிசை வெறுமை. திறப்பு வழியே உச்சித் தட்டுகள் நான்கும் மூடியாகக் கழன்றுபோயிருந்தால், ஆலிகோஸ்பெரிடியத்தில் எண்ணக் கிடைப்பவை சிங்குலத்துக்கு மேலே ஆறு, கீழே ஐந்தோ ஆறோ, பின்பக்க இடைத்தட்டில் ஒன்று, அடியில் ஒன்று, மொத்தம் 14க்குள். சல்கஸ் என்ற வயிற்றுப்பக்கப் பள்ளத்தில் சிறியவை இருந்தால் சில கூடும். நாங்கள் எண்ணியது 19.

தவறு ஃபோகஸில். மேல்பரப்பைக் கூர்மையாக்கி ஒரு படம், கீழ்ப்பரப்பைக் கூர்மையாக்கி ஒரு படம் வரைந்தோம். விளிம்பில் நிற்கும் நீட்சிகள் இரண்டிலும் விழுந்து இரண்டு முறை எண்ணப்பட்டன. அப்படி மிகையாக வந்த ஐந்தையும் சிங்குலத்துக்குக் கொடுத்துவிட்டோம். விளிம்பு நீட்சிகளுக்கு முதலில் எண் போட்டுவிட்டு, அதன் பிறகு இரண்டு பரப்புகளையும் எண்ணுங்கள். கீழ்ப்பரப்பின் படம் இடம்வலம் மாறியிருக்கும், திருப்பிப் போட்டுத்தான் தட்டு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். திறப்பின் விளிம்பில் சல்கஸ் பக்கம் ஒரு வெட்டு இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் வயிற்றுப்பக்கம் எதுவென்று தெரிந்துவிடும். சிஸ்டை நிமிர்த்தாமல் எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

இந்தக் குழப்பம் பழசு. எரென்பெர்க் இவற்றை சாந்திடியம் என்ற பாசியோடு சேர்த்தார். 1842இல் ஒயிட், நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த காம்ப்ளெக்ஸ் என்ற இனத்தை டியூபிஃபெரத்தின் ஒரு வகையாகத்தான் பெயரிட்டார். இப்படி முள் முளைத்த உருண்டைகளில் பல டைனோஃபிளாஜெல்லேட்டின் சிஸ்ட்தான் என்று 1961இல் எவிட் நிறுவினார். டேவியும் வில்லியம்ஸும் 1966இல்தான் ஆலிகோஸ்பெரிடியத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

பேரினம் முடிந்ததும், இனத்தைச் சொல்ல நீட்சிகளின் நுனிக்கு வந்தோம். புனல்போல் விரிந்து ஓரத்தில் முட்கள் இருந்தால் காம்ப்ளெக்ஸ், விரிந்த பகுதி வலைபோல் துளையிட்டிருந்தால் புல்கெரிமம். அல்ட்ராசோனிக்கில் அதிக நேரம் விட்ட சிலைடில் எல்லாமே மொட்டை. பத்து விநாடி விட்டதில் ஒன்பது நுனிகள் முழுசாக இருந்தன, ஒன்றிலும் துளை இல்லை: ஆலிகோஸ்பெரிடியம் காம்ப்ளெக்ஸ்.

அதே சிலைடில், சிஸ்டுக்கு நாலைந்து பார்வைப் புலங்கள் தள்ளி, கழன்ற மூடி ஒன்று கிடந்தது. அதன் மேல் உச்சித் தட்டுக்கு ஒன்றாக நான்கு நீட்சிகள். அதற்கும் சிலைடில் அது கிடக்கும் இடத்தின் ஆய அளவு குறித்துப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினோம், இந்த முறை திரும்பி வரவில்லை.