81 சதவீதம் என்று சொன்ன மாலை

ஐந்தாம் நாள் மாலை ஏஜென்சியிலிருந்து போன். "மேடம், எவ்வளவு முடிஞ்சிருக்கு?" மொழிபெயர்ப்பு மென்பொருளில், திரையின் கீழ்ப் பட்டியைப் பார்த்தேன். 81 சதவீதம் என்று இருந்தது. அதையே சொன்னேன். "அப்போ நாளன்னிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார். "முடிஞ்சிடும் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

எட்டு நாள் வேலை. ஏழாம் நாளே கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் எதில் தொடங்கலாம் என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான் டூல்ஸ் மெனுவில் போய் ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் திறந்தேன். செய்ய வேண்டிய சொற்களில் சரிபாதி அப்படியே கிடந்தது.

வேலை என்னவென்றால், விவசாய பம்ப்செட்டுக்கான கன்ட்ரோலர் ஒன்று. அதன் சின்னத் திரையில் வரும் வாசகங்கள், கூடவே பொருத்துபவருக்கும் விவசாயிக்கும் தரும் கையேடு, எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. பதினோரு கோப்புகள். நான் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒமேகாடி. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, ஜாவாவில் ஓடுவதால் என் பழைய லினக்ஸ் மடிக்கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். பல வருடமாக அதில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் அந்தக் கீழ்ப் பட்டி எண்களை அதுவரை நான் ஒழுங்காகப் படித்ததில்லை.

அன்று அங்கே இருந்தது இது: 1306/1612, 2140. கோப்புகளில் மொத்தம் 2140 செக்மென்ட், அதாவது மொழிபெயர்க்க மென்பொருள் பிரித்துத் தரும் துண்டு, ஒரு வாக்கியமோ ஒற்றைச் சொல்லோ. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எண்ணினால் 1612. அதில் முடித்தது 1306. அந்த இடத்தில் ஒரு கிளிக் செய்தால் இதுவே சதவீதமாக மாறும், பக்கத்தில் மீதி எத்தனை என்றும் வரும். 81 சதவீதம், மீதி 306. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது எண்ணுவது செக்மென்ட்டை, சொல்லை அல்ல.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அட்டவணையில் நான்கு வரிசைகள் உண்டு: மொத்தம், மீதி, தனித்தவை, தனித்தவற்றில் மீதி. ஒவ்வொன்றுக்கும் செக்மென்ட், சொல், எழுத்து என்று தனித்தனி எண். எனக்கு வேண்டியது கடைசி வரிசையின் சொல் எண்ணிக்கை. 15,800 தனிச் சொற்களில் 7,900 மீதி. கீழே கோப்புவாரியாகவும் பிரித்துக் காட்டும். மீதி முக்கால்வாசியும் இரண்டே கோப்புகளில் இருந்தது: பாதுகாப்பு எச்சரிக்கைகள், கோளாறு பார்க்கும் பகுதி.

முதல் ஐந்து நாளும் நான் பெரும்பாலும் திரை வாசகங்களைச் செய்துகொண்டிருந்தேன். 'ஓகே', 'பின் செல்', 'மோட்டார் ஓடுகிறது', 'தண்ணீர் இல்லை' என்று இரண்டு மூன்று சொல். ஒன்றை முடித்து என்டர் தட்டினால் எண் ஒன்று ஏறும். ஒரு மணி நேரத்தில் எழுபது எண்பது ஏறிவிடும். கை வேகம் பிடித்துவிட்டது, மனமும் அதை நம்பிவிட்டது.

எச்சரிக்கைக் கோப்பு வேறு மாதிரி. ஒரு செக்மென்ட்டை மட்டும் சொல்கிறேன். மெயின் சப்ளை துண்டிக்கப்பட்டு, கெபாசிட்டர் குறைந்தது ஐந்து நிமிடம் மின்சாரத்தை இறக்காதவரை பேனல் மூடியைத் திறக்கக் கூடாது என்பது செய்தி. ஆங்கிலத்தில் 'திறக்காதே' முதலில் வந்துவிடும். தமிழில் இயல்பாக எழுதினால் அது கடைசிக்குப் போய்விடும். தோட்டத்தில், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறவர் வாக்கியத்தின் கடைசிவரை படித்துவிட்டுத்தான் மூடியில் கை வைப்பார் என்று நான் எப்படி நம்புவது? நாலு விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் உடைத்தேன்: 'மூடியை உடனே திறக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருங்கள். கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் அதற்குள் இறங்கிவிடும்.' இருபது நிமிடம் ஆனது. எண் ஒன்று ஏறியது. 'ஓகே' பொத்தானுக்கும் அதே ஒன்றுதான் ஏறியிருந்தது.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நானே போன் செய்தேன். நேற்று சொன்ன கணக்கு செக்மென்ட் கணக்கு, சொல் கணக்கில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொன்னேன். அதுவரை என் வேகம் நாளுக்கு 1,580 சொல். மீதி இருப்பது கடினமான பகுதி என்பதால் 1,300 என்று வைத்து ஆறு நாள் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நேத்தே தெரிஞ்சிருந்தா கிளையன்ட் கிட்ட சொல்லியிருப்பேனே மேடம்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அவரே வழியும் சொன்னார்: கன்ட்ரோலரில் ஏற்ற வேண்டிய திரை வாசகங்கள் எட்டாம் நாள் போதும், கையேடு பதினோராம் நாள் வரட்டும். எண்களோடு பேசியதால்தான் அது நடந்தது. 'கொஞ்சம் டைம் வேணும்' என்று மட்டும் கேட்டிருந்தால் அவரால் யாரிடமும் எதுவும் பேசியிருக்க முடியாது.

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு அந்த ஒரே எண்ணை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, மீதிச் சொல், அன்று குறைந்தது எவ்வளவு. இதற்காக மெனுவுக்குக்கூடப் போக வேண்டாம். புராஜெக்டைச் சேமிக்கும்போது ஒமேகாடியே 'புராஜெக்ட் ஸ்டாட்ஸ்' என்ற உரைக் கோப்பில் இந்த அட்டவணையை எழுதி வைக்கிறது. 'ஒமேகாடி' என்ற உள் ஃபோல்டரில் இருக்கும்.

ஒன்பதாம் நாள் இன்னொரு சங்கதி. எச்சரிக்கைக் கோப்பின் திருத்திய ஆங்கிலப் பிரதி வந்தது. மூலக் கோப்புகள் இருக்கும் சோர்ஸ் ஃபோல்டரில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, எஃப்5 தட்டிப் புராஜெக்டை மீண்டும் ஏற்றினேன். காலையில் 4,000 என்று இருந்த மீதி 5,600 ஆகிவிட்டது. ஒரு நாள் உழைப்புக்கு மேல் காணோம் என்று நெஞ்சு படபடத்தது.

போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறினாலும் ஒமேகாடிக்கு அது புது செக்மென்ட். பழைய மொழிபெயர்ப்பு புராஜெக்டின் நினைவகத்தில் அநாதையாக இருக்கும், ஏறக்குறைய ஒத்த பழையவற்றைக் காட்டும் ஃபஸி மேட்ச் பகுதியில் வந்து நிற்கும். பார்த்தால் பெரும்பாலான இடங்களில் நடந்த மாற்றம், 'யூனிட்' என்பது 'கன்ட்ரோலர்' ஆனதுதான். நான் தமிழில் ஏற்கெனவே கன்ட்ரோலர் என்றே எழுதியிருந்தேன். கன்ட்ரோல் + ஆர் தட்டி அந்தப் பழையதை உள்ளே போட்டு, படித்து, அடுத்தது. ஆனால் நடுவே நாலு இடத்தில் 'ஐந்து நிமிடம்' பத்து நிமிடமாகியிருந்தது. மாறிய சொல்லை மேட்ச் பகுதி நிறமிட்டுக் காட்டுகிறது. வேகத்தில் அதைக் கவனிக்காமல் தட்டியிருந்தால் பழைய ஐந்து நிமிடமே கையேட்டில் போயிருக்கும். அந்த 1,600 சொல்லும் அரை நாளில் முடிந்தது. முதலில் எண் வேலையைக் குறைத்துக் காட்டியது, இங்கே கூட்டிக் காட்டியது.

பதினோராம் நாள் மதியம் மீதி 43 செக்மென்ட்டில் நின்று அசையவே இல்லை. செய்யாத அடுத்ததற்குக் கொண்டுபோகும் கன்ட்ரோல் + யூ தட்டி ஒவ்வொன்றாகப் போனேன். எல்லாம் மாடல் எண்கள், மின்னழுத்த அளவுகள். மூலத்தில் உள்ளபடியே விட வேண்டியவை. மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றாக இருந்தால் ஒமேகாடி அதை 'செய்யாதது' என்றே கருதும். அப்படி விட அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் ஒவ்வொன்றையும் 'இதுவே மொழிபெயர்ப்பு' என்று பதிவு செய்யலாம். 43 தான் என்பதால் ஒவ்வொன்றாகவே செய்தேன். அதில் ஒரு சரிபார்ப்பும் நடந்தது.

மீதி பூஜ்யம். ஆனாலும் அனுப்பவில்லை. எட்டாம் நாள் திரை வாசகங்களை அனுப்பும் முன் நடந்தது மனதில் இருந்தது. 'ஓப்பன்' என்ற ஒற்றைச் சொல் பத்து இடத்தில் வருகிறது. செக்மென்ட்டின் முடிவில் 'மேலும் 9' என்று குறிப்பு இருக்கும். ஒன்றைச் செய்தால் பத்தும் நிரம்பிவிடும். நான் 'திற' என்று போட்டிருந்தேன். பொத்தானுக்கு அது சரி. ஆனால் அதில் மூன்று இடம் வால்வின் நிலையைக் காட்டுவது. அங்கே 'திற' என்று வந்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் வால்வைத் திறக்கச் சொல்வதாகத்தான் விவசாயி புரிந்துகொள்வார். அந்த மூன்றுக்கும் மாற்று மொழிபெயர்ப்பாக 'திறந்துள்ளது' என்று தனியாகக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஏவலுக்கும் நிலைக்கும் ஒரே சொல் நிற்கும், தமிழில் நிற்காது. இந்த வேலை எந்த எண்ணிலும் ஏறாது.

மறுபார்வை எதுவரை வந்தது என்பதற்கும் ஒமேகாடியில் தனிக் குறி கிடையாது. சில மென்பொருள்களில் ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் 'வரைவு', 'சரிபார்த்தது' என்று நிலை வைக்கலாம், இதில் இல்லை. எனவே அதே நோட்டில் பக்கத்துக் கட்டத்தில் கோப்பின் பெயரும், கடைசியாகப் பார்த்த செக்மென்ட் எண்ணும். கையேட்டை அன்று மாலை நான்கிலிருந்து ஒன்பதரை வரை அப்படிப் படித்தேன். கன்ட்ரோல் + டி கொடுத்துக் கோப்புகளை உருவாக்கி, எச்சரிக்கைப் பக்கத்தை மட்டும் இன்னொருமுறை திறந்து பத்து நிமிடம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அனுப்பினேன்.

அடுத்த வேலைக்கு அதே தம்பி பேசினார். "மேடம், எத்தனை சொல் பாக்கி?" என்றார்.