தறி நின்ற இரவில் கேட்ட ஒலி

2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் நின்றிருந்தன. சோமனூருக்கு அருகே எங்கள் வீட்டை ஒட்டியுள்ள கூடத்தின் எட்டுத் தறிகளும் அப்போது ஓடவில்லை. பிறந்தது முதல் தறி ஓசைக்கு நடுவிலேயே உறங்கி வளர்ந்த எனக்கு அந்த அமைதி முதலிரண்டு நாட்கள் அதிசயமாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு, மார்கழிக் குளிருக்காக மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் படுத்தபோது, எங்கோ ஒரு சீழ்க்கை விடாமல் ஒலிப்பதைக் கேட்டேன். ட்யூப் லைட்டின் சோக் கெட்டிருக்கும் என்று எண்ணி எழுந்து விளக்குகளைப் பார்த்தேன். பிறகு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியில் மீட்டர் பெட்டிக்குச் சென்று மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீடு முழுவதும் இருண்டது. சீழ்க்கை மட்டும் நிற்கவில்லை. "ஏனுங்க, இந்நேரத்துல என்னங்க தேடறீங்க?" என்று மனைவி எழுந்துவந்து கேட்டபோதுதான், அவருக்கு அது கேட்கவில்லை என்பதும், அது என் காதுக்குள்ளேயே ஒலிக்கிறது என்பதும் புரிந்தன.

காதிரைச்சல் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்தத் தொல்லை அரிதானதன்று. 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் இதை அனுபவித்திருக்கிறார்கள் என்றும், அந்த எண்ணிக்கை 74 கோடியைத் தாண்டும் என்றும், அவர்களில் 12 கோடிக்கும் அதிகமானோருக்கு இது வாழ்க்கையின் பெரும் பிரச்சினையாகவே இருக்கிறது என்றும் மதிப்பிட்டது. அந்தப் 12 கோடிப் பேரை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது எது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஒலியின் அளவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஓர் ஒலியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலோரின் இரைச்சல் அவரவர் கேட்புத்திறனின் எல்லைக்குச் சில டெசிபல் மேலேதான் நிற்கிறது. அதே அளவு இரைச்சல் ஒருவரை வேலைக்கே போகவிடாமல் முடக்குகிறது, இன்னொருவருக்கோ யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வேறுபாட்டில் உறக்கத்துக்கு இருக்கும் பங்கை என் உடம்பிலேயே கண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. கேட்புத்திறன் சோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. நெடுங்காலம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வரும் அடையாளம் அது. தறி மீண்டும் ஓடத் தொடங்கியதும் கைப்பேசியில் ஓர் ஒலி அளவிச் செயலியை இறக்கிப் பார்த்தேன். நடுவில் நின்றால் 96, 97 என்று காட்டியது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்றும் தொழிலிட நலனை ஆராயும் அமெரிக்க நிறுவனம் வகுத்த கணக்கின்படி, 97 டெசிபலில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் நிற்கலாம். நான் 16 வயதிலிருந்து நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றிருக்கிறேன்.

உட்காதில் ஒலியை உணர்ந்து மூளைக்கு அனுப்பும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அழிந்த இடத்திலிருந்து தகவல் வராதபோது, மூளை தன் பக்கத்தில் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். மாரியம்மன் நோன்புக்கு மைக் செட் போடும்போது இதைக் கவனித்திருக்கலாம்: பேச்சாளர் வருவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை முழுவதும் திருகி வைத்தால், யாரும் பேசாமலே பெட்டியிலிருந்து 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். அது எந்த ஒலியின் பதிவும் அன்று; கருவியின் சொந்த மூச்சு. அமைதியில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இயல்பான கேட்புத்திறன் கொண்ட 80 பேரை ஒலிபுகா அறையில் அமரவைத்துக் கேட்டபோது, 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் எங்கள் வீட்டையே அப்படிப்பட்ட ஓர் அறையாக்கியிருந்தது. அந்த ஒலி அதற்கு முன்பே, ஒருவேளை பல ஆண்டுகளாகவே, எனக்குள் இருந்திருக்கவேண்டும். தறிதான் அதை மூடி வைத்திருந்தது.

நான் பார்த்த முதல் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் அனுப்பிவிட்ட அந்த வாக்கியம், அடுத்த எட்டு மாதங்களை எனக்கு நரகமாக்கியது. பகலெல்லாம் வேலையில் மறந்திருக்கும் ஒலி, விளக்கை அணைத்ததும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, இடது காதிலா, வலது காதிலா என்று நானே அதைச் சோதிப்பேன். இரண்டு மணி அடிக்கும், மூன்று மணி அடிக்கும். தூக்கம் போனால் நாளை கணக்கு எழுத முடியாது என்ற அச்சம் வரும். அச்சத்தில் நெஞ்சு படபடக்கும். படபடப்பில் ஒலி இன்னும் உரக்கக் கேட்கும். அரைத்தூக்கத்தோடு எழுந்த மறுநாள் காலையில் அது முந்தைய நாளைவிடக் கூர்மையாக இருக்கும். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட மதியம் படுத்தால், எழுந்ததும் காதுக்குள் குக்கர் விசில் போல அலறும். பகலில் கண்ணயர்ந்து எழும்போது இரைச்சல் கூடுவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோதுதான், எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்ற நிம்மதி வந்தது.

இடையில் ஒரு மாதத்துக்கென்று எழுதிக்கொடுத்த, பதற்றம் தணிக்கும் அல்ப்ரசோலம் மாத்திரையை நானாகவே நான்கு மாதம் நீட்டினேன். முதல் வாரம் வரமாகத் தோன்றியது. பிறகு அதே அளவு போதவில்லை. நிறுத்திய இரண்டாம் நாள் இரைச்சல் இரண்டு மடங்கானது போல் இருந்தது. அந்த வகை மாத்திரைகள் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கக்கூடியவை என்பதும், திடீரென நிறுத்தினால் காதிரைச்சல் கூடலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி, காதிரைச்சலுக்கென்று இவ்வகை மாத்திரைகளை வழக்கமாகத் தரக்கூடாது என்று சொல்கிறது. ஜிங்கோ மூலிகை, மெலடோனின் என்னும் உறக்க ஹார்மோன், துத்தநாகம் ஆகியவற்றையும் அது பரிந்துரைக்கவில்லை. தொடர்ந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் என்னைப் போல் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வழி தெரிந்தது, மறைந்துபோன என் அப்பாவை நினைத்துக்கொண்ட ஒரு நாளில். ஆறு தறிகள் இரவு ஷிப்டில் ஓடும்போது, கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் அவர் குறட்டை விட்டுத் தூங்குவார். விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பார்கள். ஆனால் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்து ஒரே ஒரு தறி நின்றுவிட்டால், அந்த நூல் சுற்றிய தாரை மாற்ற ஆள் தாமதித்தால், அவர் உடனே எழுந்து உட்கார்ந்து, "மூணாவது நின்னு போச்சு, போய்ப் பாரு கண்ணு" என்பார். ஐந்து தறிகள் அப்போதும் இடித்துக்கொண்டுதான் இருக்கும். அவரை எழுப்பியது ஓசையின் அளவன்று. ஓசை குறைந்ததுதான் அவரை எழுப்பியது. ஓடும் தறி என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள், நின்ற தறி என்றால் கூலி போகிறது என்று பொருள். உறங்கும் மூளையும் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது. அவன் ஒலியின் உரப்பைப் பார்ப்பதைவிட அதன் பொருளைப் பார்த்தே கதவைத் தட்டுகிறான்.

என் சீழ்க்கைக்கு நான் கொடுத்திருந்த பொருள் ஆபத்து. செவிடாகப் போகிறேன், மூளையில் ஏதோ வளர்கிறது, இனிமேல் தூங்கவே மாட்டேன் என்று ஒவ்வோர் இரவும் அந்தக் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போலந்தில் பிறந்த ஆய்வாளர் பாவெல் யாஸ்ட்ரபோஃப் 1990-ல் முன்வைத்த விளக்கமும் ஏறக்குறைய இதுவே: காதில் பிறக்கும் சமிக்ஞை மூளையின் அச்சத்தோடும் விழிப்போடும் தொடர்புடைய பகுதிகளோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்போதுதான் அது துன்பமாகிறது. தூக்கமின்மை அந்த முடிச்சை இறுக்குகிறது. களைத்த மூளைக்கு எதுவும் ஆபத்தாகவே தெரியும்.

உறக்கம் வெறுமனே பாதிக்கப்படும் பக்கம் மட்டும் இல்லை என்பதில், பின்னால் நான் படித்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. கீரிப்பிள்ளை போன்ற உடலமைப்புடைய ஃபெரெட் என்னும் விலங்குகளை உரத்த ஒலிக்கு உட்படுத்தியபோது, காதிரைச்சலின் அறிகுறி காட்டிய விலங்குகளுக்கு அதே காலத்தில் தூக்கமும் கெட்டது. ஆனால் கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்தில் அவை இருந்தபோது, ஒலிக்கு அளவுமீறித் துள்ளிய மூளைச் செயல்பாடு அடங்கியது. 2024-ல் வெளிவந்த இந்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். என்றாலும், ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையெங்கும் பரவும் மெதுவான பேரலைகள் இரைச்சலின் பின்னணிச் செயல்பாட்டைத் தற்காலிகமாக அமுக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி, விடியலை நெருங்க நெருங்க மேலோட்டமான உறக்கம் மிகுதி. மூன்று மணிக்கு விழித்தால் சீழ்க்கை அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவை நினைத்துக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு ஒலியை விட்டுவிட்டு உறக்கத்தைப் பிடித்தேன். கோவையில் ஒரு மருத்துவ உளவியலாளர் ஆறு அமர்வுகளில் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். லண்டனில் காதிரைச்சலும் தூக்கமின்மையும் ஒருங்கே உடையவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், வழக்கமான காதிரைச்சல் ஆலோசனையைவிடவும் ஆதரவுக் குழுவைவிடவும் இச்சிகிச்சை கூடுதலான பலன் தந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் செய்கிற வேலை எளியது, ஆனால் முதல் இரண்டு வாரங்கள் கடுமையானது. ஒரு நோட்டில் படுத்த நேரமும் தூங்கிய நேரமும் எழுதினேன். எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தேகால் மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நோட்டு காட்டியது. ஆகவே இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கக்கூடாது, காலை ஐந்தரைக்கு மேல் கிடக்கக்கூடாது, மதியம் தலை சாய்க்கக்கூடாது என்று உளவியலாளர் விதித்தார். தூக்கம் வராமல் இருபது நிமிடம் போலத் தோன்றினால் எழுந்து வீட்டின் முன்னறையில் உட்காரவேண்டும். கண் சொக்கியதும்தான் திரும்பவேண்டும். படுக்கை என்பது இரைச்சலோடு மல்லுக்கட்டும் இடம் என்று உடம்பு கற்றுக்கொண்டதை மறக்கடிப்பதே இதன் நோக்கம். கிடக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டினோம். இந்தக் கட்டத்தில் பகலில் கண் இழுக்கும். வண்டி ஓட்டுபவர்களும், இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் தாங்களாகவே இதில் இறங்கக்கூடாது.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். காது கேட்கும் கருவி பகலில் வெளி ஒலிகளைக் கொண்டுவந்து இரைச்சலைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஆனால் படுக்கும்போது அதைக் கழற்றிவைக்கிறோம். அந்த இடத்தை நம் வீடுகளில் மின்விசிறி நிரப்புகிறது. குளிர்காலத்தில் அதை நிறுத்தியதும் தொல்லை கூடுவதாகச் சொல்லும் பலரை நான் பார்த்திருக்கிறேன். நான் மார்கழியில் மேசை மின்விசிறி ஒன்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிடுகிறேன்; காற்று மேலே படாது, ஓசை மட்டும் இருக்கும். சீழ்க்கையை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஓசை வைக்கவேண்டாம் என்பது உளவியலாளரின் அறிவுரை. இரண்டும் அருகருகே கேட்டால்தான், இதுவும் விசிறி ஓசை போல் ஒன்றுமில்லாத ஒன்று என்று மூளை கற்றுக்கொள்ளும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, தலைச்சுற்றல் வந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றே செல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கேட்புத்திறன் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் அதையும் சோதித்துக்கொள்ளவேண்டும். இரவு மூன்று மணிக்கு வாழவே வேண்டாம் என்று தோன்றிய நாட்கள் எனக்கு இருந்தன. அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

ஒலி இப்போதும் இருக்கிறது. கூடத்துக்குள் காதடைப்பான் இல்லாமல் நான் போவதில்லை. வேலை செய்யும் நால்வருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இருவர்தான் போடுகிறார்கள். நோட்டை இன்னும் எழுதுகிறேன். சென்ற வியாழக்கிழமைப் பக்கத்தில், பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்ததாகவும், நடுவில் 2.40-க்கு ஒருமுறை விழித்ததாகவும் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'ஐந்தாம் தறி நின்றது' என்று எழுதியிருக்கிறேன்.